தேய்மானம்

முந்திரி சீசனில் என் கிளினிக்குக்கு வரும் ஆயாக்களின் புடவையில் ஒரு மணம் இருக்கும். பழுத்த முந்திரிப்பழம் வெயிலில் கிடந்து புளித்த மணம். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் குள்ளஞ்சாவடியைச் சுற்றியுள்ள தோப்புகளில் காலை முழுக்கக் குனிந்து கொட்டை பொறுக்கிவிட்டு, பதினொரு மணிக்கு மேல் பஸ் பிடித்து வருவார்கள். கையில் துணிக்கடைப் பை. பைக்குள் சுருட்டிச் சுருட்டி வளைந்துபோன எக்ஸ்ரே. நாற்காலியில் உட்காரும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள்.

"தேய்மானம்னு சொல்லிட்டாங்கம்மா."

"யாரு ஆயா சொன்னாங்க?"

"படம் புடிச்ச எடத்துல சொன்னாங்க. மருந்துக் கடையில சொன்னாங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க."

இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் வைத்தியம் பார்க்கிறேன். தேள்கடி, பாம்புக்கடியைவிட எனக்கு இந்தச் சொல்லிடம் பயம். செருப்பு தேயும், சோப்பு தேயும், அம்மிக்கல்கூடத் தேயும். ஏன் தேய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதுபோலத்தான் மூட்டுக் குருத்தெலும்பு உராய்ந்து போனாலும் தேய்மானம், டிஸ்க் வறண்டு போனாலும் தேய்மானம், சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு மெலிந்தாலும் தேய்மானம். புற்றுநோய் உள்ளே புகுந்து எலும்பை அரித்துக்கொண்டிருந்தாலும் அதே தேய்மானம். நோயாளிக்கு ஆறுதலாகவும் வைத்தியருக்கு வசதியாகவும் இருக்கிற சொல். நானும் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். அது ஒருவருக்கு மூன்று மாதத்தைப் பறித்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பக்கவாட்டுப் படத்தில் முள்ளெலும்புகள் அடுக்கி வைத்த அச்சுவெல்லம் மாதிரி வரிசையாக இருக்கும். அதில் ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு போல இருக்கும். அவ்வளவுதான். எலும்பு உடைந்திருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லும். எதனால் உடைந்தது என்பதைச் சொல்வது அபூர்வம். எலும்பின் சத்தில் முப்பது, நாற்பது சதவீதம் போன பிறகுதான் மெலிவே எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும். புற்றும் அப்படித்தான். முள்ளெலும்பின் உள்ளே கிட்டத்தட்டப் பாதியை அரித்த பிறகும் படம் சுத்தமாக இருக்கலாம்.

ஆனாலும் படத்தில் பார்க்க இரண்டு மூன்று இடங்கள் உண்டு. முதலில் எந்த எலும்பு என்று எண்ண வேண்டும். மெலிவினால் நொறுங்குவது பெரும்பாலும் நெஞ்சும் இடுப்பும் சேரும் இடத்தில், பன்னிரண்டாவது நெஞ்சு முள்ளெலும்பிலும் முதல் இடுப்பு முள்ளெலும்பிலும். விலாக்கூடு இறுக்கிப் பிடித்த பகுதி முடிந்து, வளைந்து கொடுக்கிற பகுதி தொடங்கும் இடம் அது. குனிந்து நிமிர்கிற பாரமெல்லாம் அங்கேதான் விழும். அடுத்தபடியாக நெஞ்சின் நடுப்பகுதி, ஏழாவது எட்டாவது எலும்புகள். அதற்கும் மேலே, தோள்பட்டைகளுக்கு நடுவே, மூன்றாவதோ நான்காவதோ தனியாக நசுங்கியிருந்தால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வேன். எலும்பு மெலிவு அங்கே தனியாகப் போய்க் கைவைப்பது குறைவு.

அடுத்தது, நேராக எடுத்த படம். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு பக்கமும் இரண்டு வட்டங்கள் தெரியும். பின்பக்கம் போகிற எலும்புக் காம்புகளின் நிழல் அவை. நடுவே முள் மூக்கு மாதிரி நிற்கும். மொத்தத்தில் ஒரு ஆந்தை முகம். மேலிருந்து கீழ்வரை ஆந்தைகள் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் ஒற்றைக் கண்ணை மூடியிருந்தால் அந்தக் காம்பை ஏதோ தின்றிருக்கிறது. மெலிவு காம்பைத் தின்னாது. இதை மாணவர்களுக்குச் சொன்னால் ரசிப்பார்கள். ஆனால் கிளினிக்கில் இத்தனை வருஷத்தில் அந்தக் கண்மூடிய ஆந்தையை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அது தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும்.

அதனால் நான் படத்தைவிடக் கதையை நம்புகிறேன்.

மெலிந்த எலும்பு உடைகிற கதைக்கு ஒரு நாள், ஒரு நேரம், ஒரு காரியம் இருக்கும். "பலாப்பழத்தத் தூக்கி வண்டியில வெச்சேன். குறுக்குல கடக்குன்னுச்சி." "பஸ்ஸு பள்ளத்துல எறங்கி ஏறுச்சி, சீட்டுல இருந்து தூக்கிப் போட்டுது." சிலர் தும்மினேன் என்பார்கள். இங்கே தேதி சொல்கிற முறையே தனி. "தைப்பூசத்துக்கு வடலூர் போனன் பாரு, அதுக்கு மறுநாளு" என்றால் அது துல்லியமான தேதி. "தானே புயலுக்கு முன்னாடியே இருக்குது" என்றால் 2011 டிசம்பருக்கு முந்திய வலி, அது வேறு கணக்கு. அந்தப் புயல் இந்தப் பக்கத்து முந்திரியை வேரோடு சாய்த்துப் போட்டதில் எல்லார் நினைவிலும் ஒரு கோடு விழுந்துவிட்டது. எனக்கு அது உதவியாக இருக்கிறது.

புற்றின் கதைக்குத் தொடக்கம் இருக்காது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் மருமகளைப் பார்ப்பார்கள். மருமகள், "பொங்கலுக்கு அப்பறம்தானே அத்தை?" என்பாள். "இல்ல, அதுக்கும் முன்னாடி, லேசா" என்பார் ஆயா. தண்ணீர் மட்டம் ஏறுவது மாதிரி ஏறிய வலி அது.

பிறகு இரவைப் பற்றிக் கேட்க வேண்டும். பாடப்புத்தகம், இரவில் வலிக்கிறதா என்று கேள் என்கிறது. அப்படிக் கேட்டால் எல்லாருமே "தூக்கமே இல்லம்மா" என்றுதான் சொல்வார்கள். அறுபது தாண்டியவர்களில் யார்தான் நன்றாகத் தூங்குகிறார்கள்? அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "ராத்திரி முழிப்பு வந்தா என்னா பண்ணுவீங்க?" மெலிவுக்காரர்கள், அசையாமல் படுத்தால் தேவலை, புரண்டு படுக்கும்போதுதான் உயிர் போகிறது என்பார்கள். விடிந்து எழுந்திரிக்கப் பயம், படுத்துவிட்டால் நிம்மதி. மற்றவர்களோ எழுந்துவிடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள், வாசலில் நடப்பார்கள். "படுத்தாத்தான் குடையுது, ஒக்காந்தா கொஞ்சம் தேவல" என்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவரின் மனைவி சொன்னார்: "கோழி கூவறதுக்கு முன்னாடி மாட்டுக்கிட்ட போய் நிக்கறாரும்மா." அன்றே அவரை ஸ்கேனுக்கு அனுப்பினேன்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. மைலோமா என்கிற மஜ்ஜைப் புற்று இரவு விதியை மதிக்காது. அதன் வலி அசைந்தால் கூடும், படுத்தால் குறையும், மெலிவின் வலியை அப்படியே பார்த்து எழுதியது போல இருக்கும். நான் தோற்றது அதனிடம்தான்.

உடம்பைப் பார்ப்பதில் எனக்குப் பிடித்தமான வேலை இது. மெலிவு பல வருஷமாகச் சத்தமில்லாமல் நடந்திருக்கும், அதன் தடயம் உடம்பில் இருக்கும். ஆயாவை நிற்கவைத்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே விரலை வைப்பேன். மூன்று நான்கு விரல் போக வேண்டிய இடத்தில் ஒன்று போவதே கஷ்டம் என்றால், ஏற்கெனவே பல எலும்புகள் அமுங்கி உடம்பு குள்ளமாகியிருக்கிறது. சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னால் பின்னந்தலை சுவரைத் தொடாது. கைகளை விரித்து அளந்தால், வயசில் உயரத்துக்குச் சமமாக இருந்த அந்த அளவு இப்போது உயரத்தை மிஞ்சியிருக்கும். இத்தனையும் செய்யாமலே ஒரு ஆயா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "முன்னல்லாம் பொடவ சரியா இருக்கும். இப்ப தரையில இழுக்குது. ரெண்டு சுத்து மடிச்சி சொருவிக்கறன்." அதற்கப்புறம் புடவைக் கரையைப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

கூடவே ஒரு கேள்வி. மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மாத்திரை சாப்பிட்டதுண்டா? அதற்குள் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. சாப்பிட்ட அன்றே ஓட்டமாக ஓட வைக்கும், வருஷக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பைக் கரைக்கும். முகம் உப்பியிருக்கும், கைத்தோல் காகிதம் மாதிரி மெலிந்து ரத்தக்கட்டு இருக்கும். அந்தப் பொட்டலத்துக்கு நன்றி சொல்கிற ஆயாக்களிடம் கோபப்பட முடிவதில்லை.

இப்போது நான் தோற்ற கதை.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்தப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தவர். அறுபத்தாறு வயது, நிமிர்ந்த உடம்பு, வேட்டியில் மடிப்பு கலையாது. மோட்டார் கொட்டகையில் குழாயைத் தூக்கியபோது முதுகு பிடித்தது என்றார். படத்தில் முதல் இடுப்பு முள்ளெலும்பு அமுங்கியிருந்தது. நாள் இருந்தது, நேரம் இருந்தது, காரியம் இருந்தது. படுத்தால் தேவலை என்றார். எல்லாமே பொருந்தியது. "தேய்மானம்தான் சார்" என்றேன். கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, வலிக்கு ஊசி. ஆண்களுக்கு முள்ளெலும்பு தானாக நொறுங்கினால் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன். அவர் தன் வலியை அவ்வளவு ஒழுங்காகச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து வந்தார். வலி குறையவில்லை, மலச்சிக்கல், தாகம், அசதி. வலி மாத்திரையை மாற்றினேன். மலச்சிக்கலுக்கு இசப்கோல் எழுதினேன். வெளுப்பாக இருந்தார், இரும்புச்சத்து கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது மகன் கூடவே வந்து ஒரு கற்றை ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். அதில் முதல் சந்திப்பின்போது நானே எழுதிக் கொடுத்த ஈரல் பரிசோதனைத் தாளும் இருந்தது. பிலிருபின் என்ற வரியில் என் பேனா டிக். அதற்குக் கீழே, மொத்தப் புரதம் 9.8. அல்புமின் 3. கழித்துப் பார்த்தால் குளோபுலின் 6.8. சாதாரணமாக மூன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. மூன்று மாதமாக அந்த எண் என் டிக்குக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தது.

மைலோமாவில் மஜ்ஜையிலுள்ள ஒரு வகை அணு தறிகெட்டுப் பெருகி, ஒரே மாதிரிப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் குளோபுலின் ஏறுவது அதனால்தான். எலும்பு கரைந்து கால்சியம் ரத்தத்தில் கலக்கும். தாகம், மலச்சிக்கல், அசதி எல்லாம் அதன் வேலை. அப்படிப்பட்டவருக்கு நான் கால்சியம் மாத்திரை கொடுத்தேன். அந்தப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும், அதன்மேல் வலி ஊசியும் போட்டேன். அன்று எடுத்த கிரியாட்டினின் 3-ஐத் தாண்டியிருந்தது.

அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பி, ஊசியும் மாத்திரையுமாக வைத்தியம் நடந்தது. சிறுநீரகம் ஓரளவு மீண்டது. நான்கு வருஷம் இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கட்டு கரும்பு கொடுத்தனுப்புவார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகுதான் இந்த நோயின் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். லண்டனில் தாமஸ் மெக்பீன் என்ற மளிகை வியாபாரி. 1844-ல் விடுமுறையில் போன இடத்தில் ஒரு குகையிலிருந்து தாவி ஏறியபோது நெஞ்சுக்குள் ஏதோ முறிந்தது போல உணர்ந்தார். அதே நாள், நேரம், காரியம். அவருடைய சிறுநீரைச் சூடாக்கினால் கலங்கும், கொதிக்கவைத்தால் தெளியும், ஆறினால் மறுபடி கலங்கும். 1845 நவம்பரில் அது ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் வந்தது. இன்றும் அந்தப் புரதத்துக்கு அவர் பெயர்தான். மெக்பீன் 1846 புத்தாண்டு நாளில் இறந்தார். இறப்புப் பதிவில் எழுதிய காரணம், சிறுநீரில் புரதம் போனதால் ஏற்பட்ட உடல் தேய்வு. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால், கடல் தாண்டி, என் சொல்லையே எழுதியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஐம்பது தாண்டியவர் முள்ளெலும்பு உடைந்து வந்தால், கதை எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், கால்சியம், அல்புமினோடு மொத்தப் புரதம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இத்தனையும் எடுத்துவிடுவேன். கடலூர் வரைக்கும் போக வேண்டாம், இங்கேயே நடக்கும். எலும்பு மெலிவு மட்டும் என்றால் இவையெல்லாம் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். உடைந்த எலும்பு கூடும்போது பாஸ்பட்டேஸ் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ரத்தசோகையும் ஏறிய ஈ.எஸ்.ஆரும் உயர்ந்த குளோபுலினும் ஒரே தாளில் வந்தால் அடுத்து, புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் பரிசோதனை. ஒன்று, அல்புமினை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு, கழித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கழித்தலை இப்போது நான் கையாலேயே செய்கிறேன், ரிப்போர்ட்டில் போட்டிருந்தாலும்கூட.

வேறிடத்திலிருந்து எலும்புக்கு வருகிற புற்றுகள் வேறு ரகம். மார்பு, நுரையீரல், புரோஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு, இந்த ஐந்தும்தான் முக்கியமாக எலும்புக்கு ஆட்களை அனுப்புபவை. இதில் நான் பெண்ணாக இருப்பது பாதி வசதி, பாதி இடைஞ்சல். வசதி என்னவென்றால், ரவிக்கையைக் கழற்றச் சொல்லலாம். முதுகுவலி என்று வந்த ஒரு அம்மாவுக்கு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கப் போனபோது புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விலக்கிப் பார்த்தால் இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி, மேலே தோல் சுருங்கியிருக்கிறது. "ரெண்டு வருஷமா இருக்குதும்மா. வலிக்கல. அதான் யார்கிட்டயும் சொல்லல." வெளியே காத்திருந்த மருமகளுக்குக்கூடத் தெரியாது. அவருடைய பையில் ஐந்து எக்ஸ்ரேக்கள் இருந்தன. ஐந்து பேர் முதுகைப் படம் பிடித்திருக்கிறார்கள், ஒருவரும் முன்பக்கம் திருப்பவில்லை.

இடைஞ்சல், ஆண்களோடு. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டால் பெரியவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். "அதெல்லாம் நல்லாத்தான் போவுது" என்பார்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்று மனைவியிடம் கேட்டால்தான் விஷயம் வரும். புரோஸ்டேட் புற்று எலும்பைக் கரைப்பதைவிட இறுக்கிவிடுவதுதான் அதிகம், படத்தில் முள்ளெலும்பு சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகத் தெரியும். இடுப்புக்குள்ளிருந்து அது முதுகுக்கு எப்படிப் போகிறது என்பதை 1940-ல் பேட்சன் என்பவர் காட்டினார். முதுகெலும்பைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் தடுப்பு வால்வுகள் கிடையாது. இருமினாலும் முக்கினாலும் ரத்தம் எதிர்த்திசையில் ஏறும்.

1988-ல் டேயோ, டீல் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதுகுவலி என்று வந்த 1975 பேரில் 13 பேருக்குத்தான் புற்று. முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்ததா என்ற கேள்வியைவிடக் கனமான கேள்வி எதுவும் அவர்களுக்குத் தட்டுப்படவில்லை. நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வியை இங்கே வந்து கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் யாருக்கும் புற்றுநோய் வந்ததே கிடையாது. "ஒரு கட்டி எடுத்தாங்க" உண்டு. "கரன்ட் வெச்சாங்க" உண்டு, அதாவது கதிர்வீச்சு. "மெட்ராஸ்ல ஒரு வருஷம் வைத்தியம் பாத்தோம்" உண்டு. அடையாறு என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. 1954-லிருந்து இருக்கிற அந்த ஆஸ்பத்திரியால் அடையாறு என்ற ஊர்ப்பெயரே எங்கள் பக்கத்தில் நோயின் பெயராகிவிட்டது. பல வீடுகளில் நோயாளிக்கே தெரியாது. மகன் கடைசியாக வெளியே போகும்போது கதவோரம் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்குச் சொல்லல டாக்டர், ஆறு வருஷத்துக்கு முன்னாடி…" என்று ஆரம்பிப்பார். அதனால் நான் நோயாளியைப் பரிசோதனைப் பலகையில் படுக்கவைத்துவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் கூட வந்தவரிடம் ஒரு நிமிஷம் நிற்கிறேன். தழும்பையும் தேடுகிறேன். தழும்பு பொய் சொல்லாது.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். வயசாக ஆக மஜ்ஜையில் கொழுப்பு கூடும். டி-1 என்கிற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். புற்று நிரம்பிய முள்ளெலும்பில் அந்த வெள்ளை முழுசாகத் துடைத்துப் போயிருக்கும், பக்கத்து டிஸ்க்கைவிட இருட்டாக இருக்கும். பின்சுவர் தண்டுவடத்தை நோக்கி உப்பிக்கொண்டு வரும். காம்புகளும் கருத்திருக்கும். மெலிவினால் உடைந்ததில் உடைந்த கோட்டை ஒட்டி மட்டும் ஒரு கருப்புப் பட்டை, மிச்சத்தில் வெள்ளை பிழைத்துக் கிடக்கும். சில சமயம் எலும்புக்குள் ஒரு பிளவில் நீரோ காற்றோ நின்றிருக்கும். அது தெரிந்தால் எனக்குப் பாதி மூச்சு வரும். பெரும்பாலும் புற்று இல்லை.

ஆனால் உடைந்து சில வாரமே ஆன எலும்பு வீங்கி, ரத்தம் கட்டி, அதுவும் முழுசாகக் கருத்துத் தெரியும். அப்போது ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதிவிட்டு, மருத்துவ விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று முடித்திருப்பார்கள். அந்த ஒப்பீடு என் தலையில்தான் விழும். ஆறு, எட்டு வாரம் பொறுத்து மறுபடி எடுத்தால் மெலிவு என்றால் வெள்ளை திரும்பத் தொடங்கியிருக்கும். பொறுக்க முடியாத சந்தேகம் என்றால் சி.டி. பார்த்து ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும்.

இன்னொரு ஆசாமியும் வரிசையில் நிற்கிறான், நம் நாட்டில் அவனை மறக்கவே கூடாது. காசநோய். நல்ல வேளையாக அவனுக்கு ஒரு குணம் உண்டு. புற்று ரத்தக்குழாய் இல்லாத டிஸ்க்கைத் தொடாது, எலும்பை மட்டும் தின்னும். காசநோய் டிஸ்க்கையும் சேர்த்துத் தின்று பக்கத்து எலும்புக்குத் தாவும். இரண்டு எலும்பும் நடுவிலுள்ள டிஸ்க்கும் சேர்ந்து போயிருந்தால் நான் பாதி சந்தோஷப்படுவேன். மாத்திரையால் குணமாகும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க் கெட்டுப்போயிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற டாக்டரை நோயாளிகள் விநோதமாகப் பார்ப்பதுண்டு.

இவ்வளவு நிதானமெல்லாம் காலில் பலம் இருக்கிறவரைதான். "செருப்பு கழண்டு போறதே தெரியலம்மா" என்று ஒருவர் சொன்னால், கால் மதமதக்கிறது என்றால், உட்காரும் இடம் மரத்துப் போயிற்று என்றால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், அன்று ரிப்போர்ட் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. தண்டுவடம் நசுங்குகிறது. 108-ஐக் கூப்பிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு. 2005-ல் பாட்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புற்றினால் தண்டுவடம் நசுங்கியவர்களில் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். நடந்து உள்ளே போனவர் நடந்து வெளியே வர வாய்ப்பு அதிகம். படுத்துப் போனவருக்கு அப்படியில்லை. அமாவாசை கழித்துப் போகிறோம் என்று சொல்லும் குடும்பங்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு, நாலு வாரம். மெலிவினால் உடைந்த எலும்பு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் ஆறும். நாலாவது வாரத்தில் முழுசாக ஆறாது, ஆனால் திசை தெரிந்துவிடும். வலி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதே இடத்தில் நின்றாலோ ஏறினாலோ என் முதல் கணிப்பை நானே கிழித்துப் போடுவேன். சிக்கல், நாலு வாரம் கழித்து வாங்க என்றால் வரமாட்டார்கள். குறைந்தவர் வரமாட்டார், குறையாதவர் வேறு டாக்டரிடம் போவார். அதற்காக ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன். பேத்தியின் போன் நம்பர், தேதி, ஒரு வரி. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கூப்பிடுவேன். "ஆயா இல்லம்மா, தோப்புக்குப் போயிருக்குது" என்று பதில் வந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

போன வருஷம் ஒரு அம்மா. ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷம் முன்பு மார்பில் அறுவை சிகிச்சை, அதன்பின் ஹார்மோனை அடக்கும் மாத்திரை ஐந்து வருஷம். இந்த முறை குடும்பம் எதையும் மறைக்கவில்லை, அழுதுகொண்டே வந்தார்கள். கேஸ் சிலிண்டரை நகர்த்தியபோது முதுகு பிடித்திருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் முதல் இடுப்பு முள்ளெலும்பு முழுக்கக் கருப்பு. ரிப்போர்ட்டில் புற்று பரவியிருக்கலாம் என்று முதல் வரியிலேயே இருந்தது. மகன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். மகளுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணத்தை முன்னே தள்ளலாமா என்று தாய்மாமன் என்னைத் தனியாகக் கேட்டார்.

எனக்குச் சில விஷயங்கள் உறுத்தின. வலிக்கு நாள் இருந்தது, நேரம் இருந்தது. பின்சுவர் உப்பவில்லை. காம்புகள் இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. ரத்தப் பரிசோதனை சுத்தம். ஹார்மோனை அடக்கிய அந்த மாத்திரையே எலும்பை மெலியவைக்கும். ஆனால் இதே மாதிரிப் பொருத்தத்தை நம்பித்தான் ஒருமுறை கெட்டேன். அதனால் எதுவும் சொல்லவில்லை. ஊசி போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். காப்பீட்டு அட்டை இருந்தது, ஏற்பாடு செய்தோம். முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் மகன் தினமும் காலையில் கிளினிக் திறக்கும் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தாளை முதலில் நான் படித்தேன். புற்று அணுக்கள் இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு. இன்னொரு முறை படித்தேன், நோயாளியின் பெயரையும் வயதையும் சரிபார்த்தேன். அவரை உள்ளே கூப்பிட்டேன்.

"புத்து இல்ல தம்பி. எலும்பு மெலிஞ்சி ஒடஞ்சிருக்கு. அதுக்கு மருந்து இருக்கு, இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

அவருக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப வெறும் தேய்மானம்தானா டாக்டரம்மா?" என்றார்.

"ஆமா தம்பி" என்றேன். "தேய்மானம்தான்."